ரஜூலாவும் ரோனாவும், பிறகு வந்த அக்கா தங்கைகளும்

ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டிய இரண்டு கப்பல்கள் என்றால், எதில் போனால் என்ன, இரண்டும் ஒன்றுதானே என்று சொல்லிவிடுகிறார்கள். என் மகளும் அதைத்தான் சொன்னாள். 2024 ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கப்பலில் போவது என்று முடிவாகியிருந்தது. முந்தைய ஆண்டு எதிர்வீட்டார் ‘ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ்’ கப்பலில் போய்வந்து, எடுத்த படங்களையெல்லாம் என் பேத்தியிடம் காட்டியிருந்தார்கள். அதற்குள் ஸ்பெக்ட்ரம் சீனக் கரைக்குப் போய்விட்டிருந்தது. சிங்கப்பூருக்கு அதன் சகோதரிக் கப்பலான ‘ஆந்தம் ஆஃப் த சீஸ்’ வரவிருந்தது. “அதே கம்பெனி, அதே சைஸ், அதே டிசைன். இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?” என்றாள் மகள்.

யோசிக்க நிறைய இருக்கிறது. எங்கள் குடும்பம் இந்த ஊருக்கு வந்ததே கப்பலில்தான். எந்தக் கப்பல், எந்தத் தளம், எந்த மூலை என்று எங்களைக் கேட்டு யாரும் ஏற்றவில்லை. அந்தத் தலைமுறையின் பிள்ளையான எனக்கு, இன்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் என் மகள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வது மனதுக்கு ஒப்பவில்லை. கட்டும்போது இரண்டு கப்பல்கள் ஒன்றாக இருக்கலாம். கடலில் இறங்கிய பிறகு யாரை ஏற்றுகின்றன, எந்த வழியில் ஓடுகின்றன, யார் கைக்கு மாறுகின்றன என்பதைப் பொறுத்து அவை வேறு வேறு கப்பல்களாகிவிடுகின்றன. இதை நான் ரஜூலாவிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

நாகப்பட்டினம், தஞ்சாவூர், இராமநாதபுரம் பக்கத்து வயதானவர்களிடம் ‘ரஜூலா’ என்று சொன்னால் போதும், முகம் மாறும். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல் அது. 1926-ல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் பட்டறையில் கட்டினார்கள். சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆளேற்றி, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்த் திரும்பும். ரப்பர்த் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் கடைகளுக்கும் வேலைக்கு வந்தவர்கள், ஊருக்குப் போய்ப் பெண்டு பிள்ளைகளை அழைத்து வந்தவர்கள், மருமகளாக வந்தவர்கள் என்று எங்கள் மக்களில் பெரும்பகுதியைச் சுமந்த கப்பல்களில் அதற்கு முதலிடம்.

ரஜூலாவுக்கும் ஒரு சகோதரி இருந்தது. அதன் பெயர் ரோனா. அதே 1926-ல், அதே கம்பெனிக்காக, அதே சென்னை–சிங்கப்பூர் வழிக்காக இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில் ஹாதார்ன் லெஸ்லி பட்டறையில் கட்டப்பட்டது. இரண்டும் சுமார் 8,500 டன். இரண்டும் 150 மீட்டர் நீளத்தைத் தொடாதவை. இரண்டுக்கும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் தரப்பட்டிருந்தது. அந்த எண்ணிக்கையைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். இன்றைய ஆந்தம் 348 மீட்டர் நீளம், 168,666 டன். முழுக்க நிரம்பினாலும் அது ஏற்றுவது 4,900 பயணிகளைத்தான். ஏறத்தாழ இருபது மடங்கு பெரிய கப்பலில், அன்றைய உரிமத்தைவிடக் குறைவான பேர். அன்று ஒரு ஆளுக்கு என்று கணக்கிட்ட இடம் ஒரு பாய் அகலம்.

இரண்டாம் உலகப்போரில் இரண்டு கப்பல்களும் படைவீரர்களை ஏற்றின. 1943 நவம்பர் 26 அன்று, வடஆப்பிரிக்காவின் ஒரான் துறையிலிருந்து கிழக்கே போன கப்பல் தொகுதியில் ரோனாவும் இருந்தது. அல்ஜீரியக் கரைக்கு அப்பால், ஜெர்மானிய விமானம் வானொலி அலையால் வழிநடத்திய ஒரு குண்டு அதைத் தாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். கப்பல் ஊழியர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். ஒரே கப்பலில் அமெரிக்கப் படை கடலில் இழந்த மிகப் பெரிய இழப்புகளில் ஒன்று இது. ஆயினும் புதிய வகைக் குண்டின் வெற்றி எதிரிக்குத் தெரியக்கூடாது என்று செய்தியைப் பல ஆண்டுகள் மூடி வைத்திருந்தார்கள். ரஜூலா பிழைத்தது. பிழைத்து, திரும்பி வந்து, அதே நாகப்பட்டினத்தில் மறுபடி ஆளேற்றியது. எங்களை ஏற்றியது.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. ஆழம் போதாது. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். சுங்கக் கொட்டகையில் பெட்டியைத் திறந்து காட்டி, அம்மை குத்திய சான்றைக் காட்டி, பிறகு படகில் ஏற வேண்டும். படகு அலையில் ஏறி இறங்கும். கப்பலை ஒட்டியதும், அலை மேலே தூக்கும் நொடியில் ஏணியில் கால் வைக்க வேண்டும். அம்மா இடுப்பில் தம்பியையும் கையில் என்னையும் பிடித்துக்கொண்டு ஏறினாள். அப்பா டிரங்குப் பெட்டியோடு பின்னால். எனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் வயது. சரக்கில் பெரும்பகுதி சின்ன வெங்காயம். கப்பல் முழுக்க அதன் வாடைதான்.

ஏறியவுடன் இடம் பிடிக்க ஓட்டம். காற்று வரும் ஓரம், தண்ணீர்க் குழாய்க்கு அருகில், கழிவறைக்குத் தொலைவில். இந்த மூன்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் எங்கே என்று முன்பு போனவர்கள் எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பாயை விரித்து, நான்கு பக்கமும் பெட்டியையும் மூட்டையையும் வைத்து எல்லை கட்டினால் அது எங்கள் வீடு. பக்கத்தில் ஒரு இராவுத்தர் குடும்பம், அந்தப் பக்கம் தனியாக வந்த ஒரு பெரியவர். முதல் இரவிலேயே வாந்தி. ஊறுகாய்த் துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு படுத்திருந்தோம். அம்மா பாதி வழி வரை எதுவும் சாப்பிடவில்லை. இராவுத்தர் வீட்டம்மாதான் கஞ்சியைக் கொண்டுவந்து, “எம்மா, புள்ளைக்காவது குடு, நீயும் ரெண்டு வாய் குடிச்சுக்க” என்று பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்தார். சிங்கப்பூரில் அந்தக் குடும்பத்தோடு நாங்கள் கொண்டாடிய உறவு இரண்டு தலைமுறை நீடித்தது.

அன்றும் ஒப்பீடு இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்களுக்குத் தேர்வு இல்லை என்றேன். ஆனால் பேச்சு இருந்தது. அதே வழியில் ‘ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்’ கப்பலும் ஓடியது. அது புதிது, காற்றோட்டம் பரவாயில்லை, ஆனால் ரஜூலா ஆடினாலும் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று ஊர்த் திண்ணைகளில் பேசிக்கொள்வார்கள். ஆளுக்கு ஆள் மாறும் பேச்சு. ஆனால் கவனித்தால் அந்தப் பேச்சில் கப்பலின் நீளமோ வேகமோ வராது. எங்கே படுப்பது, என்ன கொடுக்கிறார்கள், யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்பதே வரும். கப்பலை எடைபோட அதைவிடச் சரியான வழியை நான் இதுவரை பார்க்கவில்லை.

1973-ல் ரஜூலா இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்குப் போய் ‘ரங்கத்’ என்று பெயர் மாறியது. அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைப்பு. பிறகு அந்த வழியில் ஓடிய ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு தமிழ்நாட்டுக்கும் மலாயாக் கரைக்கும் இடையிலான அந்தப் பயணிக் கப்பல் போக்குவரத்து முடிந்தது. விமானக் கட்டணம் ஏழைக்கும் எட்டத் தொடங்கிய காலம் அது. கப்பலில் போவது என்ற பேச்சே எங்கள் வீடுகளில் நின்றுபோனது.

அது திரும்பி வந்தது வேறு உடையில். 1998-ல் ‘சூப்பர் ஸ்டார் லியோ’, 1999-ல் அதன் சகோதரி ‘சூப்பர் ஸ்டார் விர்கோ’. விர்கோவைப் பார்க்காத சிங்கப்பூர்த் தமிழர் குறைவு. தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வந்தவர்களும் சிங்கப்பூர், மலேசியா என்று ஒரு சுற்றுக்குள் விர்கோவையும் சேர்த்துக்கொண்டார்கள். கப்பலில் இந்திய உணவகம் இருந்தது. ஆசிரியப் பணியில் இருந்தபோது தோழிகளோடு நானும் போனேன். மேல்தளத்தில் நின்றபோது, நாங்கள் போகும் வழி மலாக்கா நீரிணை, ரஜூலா வந்த அதே நீர் என்பது என் உடம்புக்குத் தெரிந்தது. கூட வந்தவர்களுக்கு அது வெறும் கடல். அதில் தவறில்லை, ஓய்வெடுக்க வந்தவர்கள் அவர்கள். நானும் அன்று ஓய்வெடுக்கத்தான் போயிருந்தேன். என் அம்மா வாழ்நாளில் ஒருமுறைகூடக் கடலை அப்படிப் பார்க்கவில்லையே என்பது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

இந்த இரண்டு கப்பல்களுக்கும் என்ன ஆயிற்று என்று பாருங்கள். லியோ 2004-ல் நார்வீஜியன் குரூஸ் லைனுக்குப் போய் ‘நார்வீஜியன் ஸ்பிரிட்’ ஆனது. 2020-ல் அதை உள்ளும் புறமும் புதுப்பித்தார்கள். விர்கோ ஆசியாவிலேயே இருந்து, 2019-ல் ‘எக்ஸ்ப்ளோரர் ட்ரீம்’, 2023-ல் ‘ரிசார்ட்ஸ் வோர்ல்ட் ஒன்’ என்று பெயர் மாறியது. ஒன்று மேலைநாட்டுப் பயணிகளுக்காகவே மாறியது. இன்னொன்று ஆசியக் குடும்பங்களுக்கு, கூட்டமாக வந்து இரண்டு மூன்று இரவு தங்கிப் போகிறவர்களுக்கு. ஒரே வரைபடம்தான். இன்று ஒன்றில் ஏறியவர் மற்றதைப் பற்றிச் சொல்லும் ஆலோசனை யாருக்கும் பயன்படாது.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று நம் வாசலிலேயே நிற்கிறது. 2016-ல் ‘கெந்திங் ட்ரீம்’, 2017-ல் ‘வோர்ல்ட் ட்ரீம்’. இரண்டும் சுமார் 150,000 டன். 2022 தொடக்கத்தில் உரிமை நிறுவனம் நொடித்துப்போனது. கெந்திங் ட்ரீம் புதிய நிர்வாகத்தில் அதே ஆண்டு சிங்கப்பூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டது. கப்பலில் சூதாட்டக்கூடம் உண்டு. ஹலால் சமையலும் இந்திய சைவச் சமையலும் உண்டு. வோர்ல்ட் ட்ரீமை சவூதி அரேபிய நிறுவனம் வாங்கியது. ‘அரோயா’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் ஜெட்டாவிலிருந்து ஓடத் தொடங்கியது. அதில் மது இல்லை, சூதாட்டக்கூடம் இல்லை, அரபுக் குடும்பங்களின் வழக்கத்துக்கு ஏற்றபடி எல்லாம் மாற்றப்பட்டிருக்கிறது. இவற்றின் எஃகு உடல் ஒன்றுதான், உள்ளே வாழும் வாழ்க்கை ஒன்றல்ல.

இந்த நான்கும், இப்போது பேச்சில் இருக்கும் ஸ்பெக்ட்ரமும் ஆந்தமும், எல்லாமே ஒரே இடத்தில் கட்டப்பட்டவை. ஜெர்மனியில் பாப்பன்பூர்க் என்ற சிறு ஊர். அங்கே 1795-லிருந்து கப்பல் கட்டும் மேயர் வெர்ஃப்ட் பட்டறை. கடலிலிருந்து உள்ளே தள்ளி எம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. பெரிய கூரையின் கீழே கப்பலைக் கட்டி முடித்து, ஆற்றில் அணையை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தி, கப்பலைப் பின்பக்கமாக மெல்ல மெல்ல இழுத்துக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். இரு கரையிலும் பசு மேயும் வயல். வயலுக்கு நடுவே பதினைந்து மாடிக் கட்டடம் நகர்ந்து போவதைப் பார்க்க ஊரே திரண்டு நிற்கும். சிங்கப்பூரில் நாம் ஏறி இறங்கும் கப்பல்களில் இத்தனை அந்த ஆற்றைத் தாண்டி வந்திருக்கின்றன. கப்பல் கட்டுவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்றாலும் மனிதக் கை செய்யும் வேலைதான். ஃபின்லாந்தில் கட்டிய ‘ஒயாசிஸ் ஆஃப் த சீஸ்’, அதன் சகோதரி ‘அல்லூர்’ இரண்டையும் அளந்தபோது அல்லூர் 5 சென்டிமீட்டர் நீளமாக இருந்தது. யாரும் திட்டமிட்ட நீளம் அல்ல அது.

இனி ஆந்தம், ஸ்பெக்ட்ரம் கதைக்கு வருகிறேன். ராயல் கரீபியனின் குவாண்டம் வரிசையில் ஐந்து கப்பல்கள். குவாண்டம் 2014, ஆந்தம் 2015, ஒவேஷன் 2016, ஸ்பெக்ட்ரம் 2019, ஒடிசி 2021. கொரோனாக் காலத்தில், 2020 டிசம்பரில், எந்தத் துறையிலும் நிற்காமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பிய பயணங்களை இங்கிருந்து நடத்தியது குவாண்டம்தான். 2022-ல் அதன் இடத்துக்கு ஸ்பெக்ட்ரம் வந்தது. ஸ்பெக்ட்ரம் முதலிலிருந்தே சீனப் பயணிகளை மனதில் வைத்துக் கட்டிய கப்பல். பெரிய குடும்பங்கள் சேர்ந்து தங்கும் அறைகளுக்குத் தனிப் பகுதி, கூட்டமாகப் பாட ‘ஸ்டார் மொமென்ட்’ என்ற கரோக்கி அறைகள், சீன உணவகங்கள். மேல்தளத்தில் ‘ஸ்கை பேட்’ என்ற பெரிய மஞ்சள் உருண்டை. உள்ளே கண்ணாடி மாட்டிக்கொண்டு மீள்கயிற்றில் கட்டித் துள்ளுகிறார்கள். எதிர்வீட்டுப் பிள்ளைகள் எடுத்த படங்களில் பாதி அந்த உருண்டைக்குள் எடுத்தவை.

ஆந்தத்தில் அந்த உருண்டை இல்லை. இதை நான் சொன்னபோது பேத்தியின் முகம் விழுந்தது. “பாட்டி, அப்ப அது வேற கப்பலா?” என்றாள். ஆம், வேறு கப்பல்தான், என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்று மகளையும் மருமகனையும் பக்கத்தில் உட்கார வைத்துத் தள வரைபடங்களைத் திறந்தோம். இரண்டுக்கும் பொதுவானது நிறைய இருந்தது. கடல்மட்டத்திலிருந்து 90 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் காட்டும் ‘நார்த் ஸ்டார்’ கண்ணாடிக் கூண்டு, காற்றில் மிதக்கவிடும் குழாய், முட்டி விளையாடும் கார்கள் ஓடும் உள்ளரங்கம், பின்பக்கம் முழுக் கண்ணாடியாகக் கடலைக் காட்டும் பெரிய மண்டபம். பேத்திக்கு மனம் தேறியது. பேரன் முட்டிக் கார்களோடு நின்றுவிட்டான், அதற்கு மேல் அவனுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எனக்கு வேண்டியது வேறு. கப்பல் விளம்பரங்கள் எது எந்த ஆண்டு கட்டியது என்பதைப் பெரிதாகச் சொல்லும். கட்டிய ஆண்டைவிடக் கடைசியாக உலர்துறையில் ஏற்றிப் புதுப்பித்த ஆண்டு முக்கியம். 2015-ல் கட்டி நன்றாகப் பராமரித்த கப்பல், 2019-ல் கட்டி விட்டுவிட்ட கப்பலைவிட மேல். அடுத்தது, கப்பல் பெயரைவிடக் கேபினின் எண் முக்கியம். 348 மீட்டர் நீளமுள்ள கப்பலில் கேபின் ஒரு முனையிலும் சாப்பாட்டுக் கூடம் மறுமுனையிலும் அமைந்துவிட்டால், என்னைப் போல் முட்டிவலி உள்ளவர்கள் ஒரு நாளில் நடக்கும் நடை அதிலேயே தீர்ந்துவிடும். லிஃப்டுக்கு அருகில், கப்பலின் நடுப்பகுதியில், ஓரளவு கீழ்த்தளத்தில் இருக்கும் அறையில் ஆட்டமும் குறைவு. தலைக்கு மேலே நீச்சல்குளத் தளமா, காலுக்குக் கீழே இசைக்கூடமா என்று மேல்தள வரைபடத்தையும் கீழ்த்தள வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். அதிகாலை ஐந்து மணிக்கு மேலே சாய்வு நாற்காலிகளை இழுத்துப் போடுவார்கள். கீழே நள்ளிரவு வரை மேளம். நடுவில் விலை உயர்ந்த பால்கனி அறை எடுத்து என்ன பயன்?

மருமகன் பால்கனி அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வரிசைக் கப்பல்களில் சன்னல் இல்லாத உள்ளறைகளில் ஒரு வசதி செய்திருக்கிறார்கள். சுவர் உயரத்துக்கு 80 அங்குலத் திரை. வெளியே கேமரா பார்க்கும் கடல் அந்த நொடியிலேயே திரையில் ஓடும். மகள் இதைப் படித்துக்காட்டியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ரஜூலாவில் அம்மா கடல் கண்ணில் படாதபடி பழைய சேலை ஒன்றைத் தலைமாட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கடலைப் பார்த்தால் குமட்டும், போகும் தூரம் நினைவுக்கு வரும், விட்டு வந்த தாய்வீடு நினைவுக்கு வரும். அவளுக்குக் கடல் மறைய வேண்டும். நமக்குச் சுவரிலும் கடல் வேண்டும். இரண்டு ஆசைகளையும் நான் நன்றாகப் புரிந்துகொள்கிறேன். பிள்ளைகளுக்கு அந்தத் திரை அறையே போதும் என்று சொன்னேன். பணம் மிச்சம், கடலும் இருக்கும்.

பிறகு வழி. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் இத்தகைய பயணங்கள் பெரும்பாலும் பினாங்கு, புக்கெட் என்று போய்த் திரும்பும். சில போர்ட் கிள்ளானுக்கும் போகும். போர்ட் கிள்ளான் வேறெதுவும் இல்லை, 1972 வரை அதற்குப் பெயர் போர்ட் ஸ்வெட்டன்ஹாம். ரஜூலா நின்ற துறைகளே இன்றைய சொகுசுக் கப்பல்களும் நிற்கும் துறைகள். நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கலக்கிவிடும். அந்த மாதங்களில் வியட்நாம் பக்கம் போகும் பயணத்தை வயதானவர்கள் தவிர்ப்பது நல்லது. மலாக்கா நீரிணைக்கு அந்தக் காற்றை மறித்து மலாய்த் தீபகற்பம் அரணாக நிற்கிறது, அலை அடங்கி இருக்கும். விடுமுறைக்குக் கப்பல் தேடுகிறவர்கள் எந்தக் கப்பல் என்று கேட்கும் முன் எந்த மாதம், எந்தக் கடல் என்று கேட்க வேண்டும். சகோதரிக் கப்பல்களின் மேல்தளத்தை அலசுவதில் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

புக்கெட்டில் ஒரு சேதி காத்திருந்தது. பத்தோங் கடற்கரைக்கு எதிரே பெரிய கப்பல்கள் நங்கூரமிட்டுத் தூரத்தில் நிற்கின்றன. பயணிகள் சிறு படகில் இறங்கிக் கரைக்குப் போக வேண்டும். இதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 168,000 டன் கப்பலானாலும், கரையில் அதற்கேற்ற துறை இல்லாவிட்டால் கதை நாகப்பட்டினம்தான். கைதாங்கிப் பிடிக்க இன்று இரண்டு பேர் நிற்பார்கள், மிதவை மேடை இருக்கும், அலை பெரிதானால் இறங்குவதையே நிறுத்திவிடுவார்கள். அன்று என் அம்மாவுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. என் முட்டி அதற்கு ஒத்துழைக்காது என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். புக்கெட்டில் நான் கப்பலிலேயே இருப்பேன், பிள்ளைகள் போய்வரட்டும். “நீங்க இல்லாம நாங்க மட்டும் எப்படிம்மா?” என்று மருமகன் தயங்கினார். கூட்டம் இறங்கிப்போன கப்பலில், பின்பக்கக் கண்ணாடி மண்டபத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதைவிட எனக்கு என்ன வேண்டும் என்றேன்.

கெந்திங் ட்ரீமையும் பார்த்தோம். அது ஆந்தத்தின் சகோதரி அல்ல, போட்டிக் கப்பல். இந்தியச் சமையலுக்கு அதில் கூடுதல் கவனம் உண்டு. பயணமும் குறுகியது, விலையும் கொஞ்சம் இறங்கும். முதல்முறை போகிறவர்களுக்கும் சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்களுக்கும் நான் அதையே சொல்வேன். எங்கள் வீட்டில் எல்லாரும் எல்லாம் சாப்பிடுவோம். பிள்ளைகளுக்கு அந்த முட்டிக் கார்கள். ஆந்தம் என்று முடிவானது. கட்டணத்தோடு ஊழியர்களுக்கான சேவைத் தொகையையும் முன்கூட்டியே கட்டிவிடும்படி கேட்டுக்கொண்டேன். அந்தக் கப்பலில் சுமார் 1,500 பேர் வேலை செய்கிறார்கள். பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று வீட்டை விட்டு மாதக்கணக்கில் கடலில் இருப்பவர்கள். அவர்கள் தங்கும் தளம் எந்த விளம்பரப் படத்திலும் வராது. ரோனாவோடு போன இந்திய ஊழியர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவார்கள்? கணக்கில் அந்தத் தொகையை விருப்பத் தொகை என்று தள்ளிப்போட எனக்கு மனம் வராது.

மருமகன் நடுப்பகுதியில் எட்டாவது தளத்தில் எனக்கும் மகளுக்கும் பால்கனி அறை, எதிரில் பிள்ளைகளோடு அவருக்குத் திரை அறை என்று பதிவு செய்தார். பால்கனி எனக்கு வேண்டாம் என்றேன், மகள் கேட்கவில்லை. “பாட்டி அங்க பார்த்த கடலை இங்கயிருந்து எனக்குக் காட்டணும்” என்று பேத்தி சொன்ன பிறகு நானும் வாதாடவில்லை. அன்று இரவே பினாங்கிலிருக்கும் பெரியம்மா மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். எனக்கு மூத்தவர், எங்களுக்கு முன்பே ரஜூலாவில் வந்து பினாங்கில் இறங்கியவர். கப்பல் காலையில் ஸ்வெட்டன்ஹாம் துறைக்கு வருகிறது, கரையை ஒட்டியே நிற்கும், படகெல்லாம் கிடையாது, நடந்தே இறங்கிவிடுவேன் என்றேன். “எந்தக் கப்பலு?” என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். “அது யாருக்குத் தெரியுது. எத்தனை பேர் வர்றீங்க, அதச் சொல்லு. நான் மீன் வாங்கணும்” என்றார்.